கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பூசைக் கிண்ணம்

ஒரு அருங்காட்சியகத்தில் பழைய பூசைக் கிண்ணம் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அட்டையில் "வெள்ளி, உட்புறம் பொன்முலாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே மட்டும் ஏன் பொன்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பலியில் ஆண்டவரின் திருஇரத்தமாக மாறும் திராட்சை இரசம் படுகிற இடம் அது. அதனால்தான் வேறு உலோகத்தில் செய்தாலும் உள்ளே பொன் பூசச் சொல்கிறது திருச்சபை. கிண்ணத்தின் காலில் பொறித்திருந்த சிலுவை பாதி தேய்ந்திருந்தது. எத்தனை குருக்களின் விரல் பட்டுத் தேய்ந்ததோ! நின்ற இடத்திலேயே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பொருளை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று சண்டைக்கு வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் எத்தனையோ கோயில்களின் வெள்ளி உருக்கப்பட்டது. எடுத்துப் பாதுகாத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொருளைக் காப்பாற்றிவிட்டு அதன் உயிரை வெளியே விட்டுவிடலாமா?

பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இசன்ஹைம் பீட ஓவியம் இருக்கிறது. ஜெர்மன் ஓவியர் குருனேவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்தது. அதில் பாடுபட்ட இயேசுவின் உடம்பு முழுக்கப் புண். விரல்கள் விறைத்து, வலியில் விரிந்து நிற்கும். ஏன் இவ்வளவு கோரம் என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு மடத்தின் மருத்துவமனைக்காக வரைந்த படம். வனத்து அந்தோணியார் பெயரில் இயங்கிய சபை அது. ரை என்ற தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் கை கால் எரிந்து அழுகும் நோய்க்கு அங்கே வைத்தியம் பார்த்தார்கள். அந்த நோயாளிகளைப் பீடத்தின் முன் கொண்டுவந்து கிடத்துவார்கள். தன் புண்ணை அவர் மேலும் பார்த்தவனுக்கு அது ஓவியமா? இதைச் சொல்லாமல் வண்ணத்தையும் பாணியையும் மட்டும் விளக்கினால் பாதிப் படம்தான் மிஞ்சும்.

"சிலையைக் கும்பிடுகிறீர்களே" என்பவர்களுக்கு 787லேயே திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் பதில் சொல்லிவிட்டது: சுரூபத்துக்கு, அதாவது திருவுருவத்துக்கு, செய்யும் வணக்கம் அதில் இருப்பவரைச் சேரும். அப்படியானால் அவமதிப்பும் அவரைத்தானே சேரும்? செரானோ என்ற புகைப்படக் கலைஞர் 1987இல் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, சிறுநீரில் மூழ்கவைத்துப் படமெடுத்தார். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இருந்தும் 2011 குருத்து ஞாயிறன்று பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் அந்தப் படத்தைச் சுத்தியலால் உடைத்தது நம் வழி அல்ல. வாளை உறையில் போடச் சொன்னவரின் பிள்ளைகள் நாம். வாயால் கேட்போம், எழுதிக் கேட்போம், விடாமல் கேட்போம்.

பொது இடத்திலும் இதே கதைதான். இத்தாலியப் பள்ளிச் சுவரில் பாடுபட்ட சுரூபம் இருக்கலாம் என்று 2011 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 15க்கு 2 என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் சுரூபத்துக்காகத் தலையில் யூதர்கள் அணியும் கிப்பா என்ற சிறு தொப்பியோடு, கட்டணம் வாங்காமல் வாதாடியவர் ஜோசப் வைலர் என்ற யூதர். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வெற்றுச் சுவரும் ஒரு தரப்புதான் என்பதை அவர் புரியவைத்தார். ஆனால் தீர்ப்பில் ஒன்று உறுத்துகிறது. சுவரில் இருக்கும் சுரூபம் அடிப்படையில் ஒரு செயலற்ற அடையாளம் என்கிறார்கள். சாகக் கிடப்பவர் கையில் சுரூபத்தைக் கொடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அன்று வெளியே வரும்போது பார்வையாளர் நோட்டில் எழுதினேன்: "இது திருப்பலியில் பயன்பட்ட கிண்ணம். உள்ளே பொன் பூசிய காரணத்தையும் அட்டையில் சேருங்கள்."