டேடைம் எம்மி விருதை டிஆர்பி தீர்மானிப்பதில்லை

"பகல்நேர சீரியல் இயக்கத்துக்கான அமெரிக்க எம்மி விருது, டிஆர்பியில் முதலிடம் பிடிக்கும் தொடரின் இயக்குநருக்கே" என்று குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

1974 முதல் நடக்கும் டேடைம் எம்மியில், போட்டிக்கு அனுப்பப்படும் எபிசோடுகளை அதே துறையினர் பார்த்து மதிப்பிடுகிறார்கள். பார்வையாளர் எண்ணிக்கைக்கு அங்கே வேலையில்லை. விருதும் தனியொருவருக்கு அல்ல, இயக்குநர் குழுவுக்கு. அசோசியேட் இயக்குநர்கள், ஸ்டேஜ் மேனேஜர்களுக்கும் அதில் பங்குண்டு.

அதுதான் நியாயம். ஊட்டியில் ஒற்றைக் கேமரா வைத்து ஷாட் ஷாட்டாக எடுக்கும் சினிமா ஷூட்டிங் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம்: இந்த சீரியல்களில் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், எந்தக் கேமராவுக்கு எப்போது மாறுவது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்தத் திறமையை டிஆர்பி எண் காட்டாது. தகவலை அனுப்பியவர்கள் தயவுசெய்து அதே குழுவில் திருத்திப் போடுங்கள்.