மறுத்தவர்களைச் சுட்டார்களா?

தக்கலை அண்ணாச்சி ஒருவர் எழுதியது இதுதான்: நாஜிப் படையில் பொதுமக்களைச் சுட மறுத்தவனை அங்கேயே சுட்டுவிடுவார்கள், அதனால் சாதாரண ஆட்களுக்கு வேறு வழி இல்லை. பலரும் அப்படித்தான் நம்புகிறோம், நானும் நம்பியிருந்தேன். ஆனால் நடந்தது வேறு.

1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபுவ் ஊர். அங்கே போனது நாஜி ஜெர்மனியின் 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் என்ற படைப்பிரிவு, சுமார் 500 பேர். பெரும்பாலும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பக்கத்து நடுத்தர வயது ஆட்கள்: துறைமுகக் கூலிகள், லாரி டிரைவர்கள், குமாஸ்தாக்கள். நம்ம குளச்சல் துறைமுகத்திலோ வடசேரி சந்தையிலோ பார்க்கிற மாதிரி மனிதர்கள்தான். அவர்களின் தளபதி டிராப், ஊரின் யூதர்களைச் சுட வேண்டும் என்ற உத்தரவைக் கண்கலங்கியபடி சொல்லிவிட்டு, இதைச் செய்ய முடியாது என்று நினைக்கும் வயதில் மூத்த போலீஸ்காரர்கள் விலகலாம் என்றார். விலகியவர்கள் ஏறக்குறைய 12 பேர். அவர்களில் ஒருவரும் சுடப்படவில்லை. வேறு வேலை கொடுத்தார்கள், கூட இருந்தவர்கள் கோழை என்று ஏசினார்கள், அவ்வளவே. மற்றவர்கள் அன்று சுமார் 1,500 யூதர்களைக் கொன்றார்கள்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? 1960களில் ஹாம்பர்க் அரசு வழக்கறிஞர்கள் இதே ஆட்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அதை வைத்து வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் 1992இல் எழுதிய ‘ஆர்டினரி மென்’ நூலின் முதல் அத்தியாயம் மிகச் சிறியது, ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். அப்புறம் கடைசி அத்தியாயம்: நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காக மரண தண்டனை பெற்ற ஒருவரைக்கூட, போருக்குப் பிந்தைய வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய எந்த வழக்கறிஞராலும் ஆவணத்தோடு காட்ட முடியவில்லை என்பது அதில் இருக்கிறது.