அடாப்டர் சோறு வேகவைக்காது

இருபது மணி நேரம் பறந்து அமெரிக்காவில் இறங்கியவருக்கு முதல் நாள் வேண்டியது ஒரு பிடி சுடுசோறு. அதற்கும் வழியில்லாமல் செய்கிறது, நம்மூர் பிளக்கை அங்கே செருக வாங்கிப்போகும் ‘உலக அடாப்டர்’. அது மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான், வோல்டேஜை அல்ல! விற்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அங்கே 120 வோல்ட். நம்மூர் 230 வோல்ட், 700 வாட் ரைஸ் குக்கருக்கு அதில் கிடைப்பது ஏறக்குறைய 190 வாட். வோல்ட் பாதியானால் சூடு கால்பங்காகிவிடும். குக்கரின் விளக்கு மங்கலாக எரியும், தண்ணீர் கொதிக்கத் திணறும். தண்ணீர் வற்றி அடி சூடேறினால்தானே சுவிட்ச் ‘டக்’கென்று மேலேறும்? அரிசி மணிக்கணக்கில் ஊறி, கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் கிடக்கும். மிக்சியும் தேங்காய்த் துண்டில் திணறி நின்றுவிடும்.

பெட்டி கட்டும்போதே ஒவ்வொரு சாதனத்தின் லேபிளையும் பாருங்கள். ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அடாப்டர் போதும். போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். வெறும் 230 என்றால் வோல்ட்டை ஏற்றித்தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். குக்கரைத் தாங்கும் அளவில் வாங்கினால் அது கல்லாய்க் கனக்கும். அதைச் சுமப்பதற்குப் பதில் அங்கேயே ஒரு குக்கர் வாங்கிவிடலாம். போய் இறங்கிய ராத்திரிக்கு மெல்லிய அவல், வெந்நீரில் ஐந்து நிமிடம்.