பொந்தியானாக் டிராகுலாவின் பேத்தி அல்ல

வாழைமரத்தில் குடியிருப்பதாகச் சொல்லப்படும் மலாய்ப் பெண்பேய் பொந்தியானாக், 1897இல் வெளிவந்த டிராகுலா என்ற இரத்தக்காட்டேரி நாவலைப் பார்த்து ஆங்கிலேயர் கட்டிவிட்ட கதை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சிங்கப்பூர்த் தமிழர்களிடையே சுற்றுகிறது. தவறு. தமிழும் கற்றிருந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, 1849இல் இதே சிங்கப்பூரில் அச்சேறிய தம் சுயசரிதையில் பொந்தியானாக்கைக் குறிப்பிடுகிறார் (அவருக்குப் பேய் நம்பிக்கை கிடையாது என்பது வேறு விஷயம்). நாவலுக்கு 48 ஆண்டு மூத்தவள்!

பிரசவத்தில் இறந்தவள், பிடரியில் ஆணி அடித்தால் அடங்குவாள் என்பது மலாய் மரபு. சூலியாக இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட்ட நம் ஊர்ப் பயம்தான் இவளுக்கு நெருங்கிய சொந்தம்.

ஐரோப்பிய இரத்தக்காட்டேரியின் வழி வேறு. 1725இல் செர்பியக் கிராமமொன்றில் தோண்டியெடுத்த பிணத்தின் வாயில் இரத்தம் கண்டு மிரண்டார்கள். அது குடித்த இரத்தமல்ல; அழுகும் உடல் வாயுவால் உப்பி, உள்ளிருக்கும் திரவத்தை வாய்வழியே தள்ளும்.