மூன்றாம் இடம் எனக்குத் தோல்வி இல்லை

இங்கிலாந்தின் டான்டன் என்று சொன்னால் நம்மில் பலருக்கு 1999 உலகக் கோப்பைதான் ஞாபகம் வரும். இலங்கைக்கு எதிராக கங்குலி 183, திராவிட் 145, இருவரும் சேர்ந்து 318 ரன். அந்த மைதானம் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒரு பக்கம் டோன் ஆறு, இன்னொரு பக்கம் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயக் கோபுரம், தூரத்தில் குவான்டாக் மலை. உணவு இடைவேளையில் பார்வையாளர்களை மைதானத்துக்குள்ளேயே நடக்க விடுவார்கள். முதல் தடவை அந்தப் புல்லில் கால் வைத்த மதியம் நான் அங்கே ஆடும் சாமர்செட் மாவட்ட (கவுன்டி) அணியின் ரசிகன் ஆகிவிட்டேன்.

2025 பருவம் முடிந்ததும் வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் ஒரே பேச்சு. "மறுபடியும் மூன்றாம் இடம்தானா?" இங்கிலாந்தின் மாவட்ட அணிகள் நான்கு நாள் ஆட்டங்களில் மோதும் கவுன்டி சாம்பியன்ஷிப்பில் 2024-இலும் மூன்றாவது, 2025-இலும் மூன்றாவது. கேட்பவர்கள் ஆறுதலாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கும் "பாவம்" என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்ததிலேயே நம்பிக்கை தரும் சாமர்செட் அணி இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பழைய காயம். அது தெரியாமல் இந்த அணியைப் புரிந்துகொள்ள முடியாது. சாமர்செட் 1891-இல் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. இன்றுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. விவ் ரிச்சர்ட்ஸ், ஜோயல் கார்னர், இயன் போத்தம் மூன்று பேரும் ஒரே அணியில் ஆடிய காலத்திலும் ஒருநாள் கோப்பைகள் வந்தன, இது வரவில்லை. 2001, 2010, 2012, 2016, 2018, 2019 என ஆறு தடவை இரண்டாம் இடம். இதில் 2010-ஐ நினைத்தால் வயிறு எரியும். நாட்டிங்ஹாம்ஷயரும் சாமர்செட்டும் ஆளுக்கு 214 புள்ளி. அவர்களுக்கு ஒரு வெற்றி அதிகம் என்பதால் கோப்பை அங்கே போனது. அதே வருஷம் இருபது ஓவர் இறுதியிலும் நாற்பது ஓவர் இறுதியிலும் தோல்வி. இருபது ஓவர் இறுதியில் ரன் சமம். அதிக விக்கெட் இழந்ததால் தோற்றார்கள்.

2016-ஐ நேரில் அனுபவித்தேன். நம் ஆட்டம் மூன்று நாளிலேயே வெற்றியாக முடிந்துவிட்டது. நான்காம் நாள் லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்ஷயரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டம் டிரா ஆனால் கோப்பை நமக்கு. டான்டன் மைதானத்தில் ஆட்டமே இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்தார், மிடில்செக்ஸ் சாம்பியன். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

சரி, இப்போது 2024 செப்டம்பருக்கு வருகிறேன். என் பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டு. 1979-இல் சாமர்செட் முதன்முதலாகக் கோப்பை வென்றபோது அவர் வாலிபர். அந்த செப்டம்பரில் முதலிடத்தில் இருந்த சர்ரே டான்டனுக்கு வந்தது. சர்ரே தொடர்ந்து இரண்டு தடவை சாம்பியன், பணமும் ஆளும் நிறைந்த அணி. அந்த ஒரு ஆட்டத்துக்காக ஷாகிப் அல் ஹசனையும் கூட்டி வந்திருந்தார்கள்; அவர் ஒன்பது விக்கெட் எடுத்தார். நம் பக்கம் ஆர்ச்சி வான். வயது பதினெட்டு, முன்னாள் இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வானின் மகன், முதல்தர கிரிக்கெட்டில் அவனுக்கு இரண்டாவது ஆட்டம். முதல் இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தான். அப்படியும் சர்ரே நான்கு ரன் முன்னிலை எடுத்துவிட்டது.

இரண்டாவது இன்னிங்ஸில் நம் பேட்ஸ்மேன் டாம் பான்டன் கணுக்கால் காயத்தோடு நொண்டிக்கொண்டே கடைசியில் இறங்கினார். ஓட முடியவில்லை. நின்ற இடத்தில் நின்று அடித்து 46 ரன் சேர்த்தார். அந்த ரன்கள் இல்லாவிட்டால் பந்துவீச்சாளர்களுக்குக் கையில் எதுவுமே இருந்திருக்காது. சர்ரேக்கு இலக்கு 221. கடைசி நாள், வெளிச்சம் மங்கிக்கொண்டு வருகிறது, 95-க்கு மூன்று விக்கெட். ஆட்டம் டிராதான் என்று முன்வரிசையில் சிலர் கிளம்பியே விட்டார்கள். நான் கிளம்பவில்லை, பெரியவரும் கிளம்பவில்லை. அப்புறம் நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரு முனையில் ஆர்ச்சி வான், மறு முனையில் ஜாக் லீச், பேட்டைச் சுற்றி ஒரே பீல்டர்கள். ஒவ்வொரு பந்துக்கும் மைதானமே சேர்ந்து அவுட் கேட்டது. பதினான்கு ரன்னுக்குள் ஏழு விக்கெட். 109 ஆல் அவுட். இருவரும் ஆளுக்கு ஐந்து. நேரம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. பெரியவர் என் கையைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை.

அந்த வெற்றிக்கு அப்புறம் வந்த பதினோரு நாளைத்தான் எல்லோரும் "வழக்கம்போல கோட்டை விட்டார்கள்" என்கிறார்கள். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். செப்டம்பர் 12 மாலை அந்த வெற்றி. 14-ஆம் தேதி பர்மிங்ஹாமில் ஒரே நாளில் டி20 அரையிறுதியும் இறுதியும். அரையிறுதியில் மறுபடி சர்ரேயை வென்றார்கள், இரவு இறுதியில் குளோஸ்டர்ஷயரிடம் தோற்றார்கள். 17-ஆம் தேதி மான்செஸ்டரில் லங்காஷயரோடு நான்கு நாள் ஆட்டம். அதிலும் தோற்க, சாம்பியன்ஷிப் கோப்பை அந்த வாரமே சர்ரேயின் கைக்குப் போய்விட்டது. உடனே நாட்டிங்ஹாமில் ஒருநாள் கோப்பை இறுதி. மழையால் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், இருபது ஓவராகக் குறைந்து, கிளாமோர்கனிடம் 15 ரன்னில் தோல்வி. மூன்று கோப்பைக்கும் ஒரே நேரத்தில் போட்டியில் இருந்த அணிக்கு அட்டவணை கொடுத்த பரிசு இது. நன்றாக ஆடிய குற்றத்துக்குத் தண்டனை கொடுத்த மாதிரி இருந்தது. 2026-இல் டி20 இறுதி நாளை ஜூலைக்கே கொண்டுவருகிறார்கள். இதற்காகவே அந்த முடிவை வரவேற்கிறேன்.

அப்படி அடிபட்ட அணி அடுத்த ஏப்ரலில் என்ன செய்தது? முதல் உள்ளூர் ஆட்டத்திலேயே வூஸ்டர்ஷயருக்கு எதிராக பான்டன் 371. ரிச்சர்ட்ஸின் 322-ஐத் தாண்டி, ஜஸ்டின் லேங்கரின் 342-ஐயும் தாண்டி, சாமர்செட் வரலாற்றிலேயே பெரிய தனிநபர் ஸ்கோர். ஏழு மாதத்துக்கு முன் அதே மைதானத்தில் நொண்டிக்கொண்டு நின்ற ஆள்! செப்டம்பரில் டி20 இறுதியில் ஹாம்ப்ஷயர் 195 இலக்கு வைத்தது. வில் ஸ்மீட் 94 அடித்தார், ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. 2005, 2023-க்குப் பிறகு மூன்றாவது டி20 கோப்பை. இதையெல்லாம் விட்டுவிட்டு "மூன்றாம் இடம்" என்று மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

எனக்கு இந்த அணி மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் கோப்பை கணக்கு அல்ல. இங்கே ஆடுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன், கார்ன்வால், டோர்செட் எதற்கும் முதல்தர அணி கிடையாது. அந்தப் பக்கத்துப் பையனுக்குக் கிரிக்கெட் கனவு இருந்தால் அது பெரும்பாலும் டான்டன் வழியாகத்தான் போகிறது. கேப்டன் லூயிஸ் கிரிகரி, கிரேக் ஓவர்டன், டாம் லாம்மன்பி டெவன்காரர்கள். லூயிஸ் கோல்ட்ஸ்வொர்தி கார்ன்வால். டாம் ஏபல், ஜாக் லீச் டான்டனிலேயே பிறந்தவர்கள். லீச் கிரிக்கெட்டில் நிலைபெறும் முன் இந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து அடுக்கும் வேலை பார்த்தவர். குடல் நோயோடு போராடிக்கொண்டே இங்கிலாந்துக்கு ஆடினார், இப்போதும் டான்டனில் நாள் முழுக்க ஒரே முனையில் வீசுகிறார். ஜேம்ஸ் ரூ விக்கெட் கீப்பர். 21 வயதிலேயே முதல்தரத்தில் பத்து சதம் அடித்துவிட்டான். அவன் தம்பி தாமஸும் பின்னாலேயே வந்துவிட்டான்.

எல்லோரும் உள்ளூர் என்று பொய் சொல்ல மாட்டேன். மேட் ஹென்றி மாதிரி வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளர்கள் வந்து பெரிய உதவி செய்தார்கள். சர்ரேயும் தன் பையன்களை நன்றாக வளர்க்கும் அணிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜேமி ஓவர்டன் இங்கிருந்து சர்ரேக்குப் போனார், டொம் பெஸ் யார்க்ஷயருக்குப் போனார், டான்டனில் பிறந்த ஜோஸ் பட்லர் லங்காஷயருக்குப் போனார். வளர்த்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பையனைத் தேடி மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இந்தச் சின்ன ஊருக்குப் பழகிப்போன வேலை. இந்த வேலையைச் செய்துகொண்டே 2008 தொடங்கி சாம்பியன்ஷிப்பின் முதல் பிரிவை விட்டுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் இருக்கிறது.

அதனால் நண்பர்கள் சிலர் சொல்வதுபோல, "இரண்டு பெரிய பேட்ஸ்மேனை விலைக்கு வாங்கினால் கோப்பை வந்துவிடும்" என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. தொடக்க வீரர்கள் இன்னும் உறுதியாக ஆட வேண்டும், அது உண்மை. பல ஆட்டங்களில் முதல் மூன்று விக்கெட் சீக்கிரம் போய், ஏபலும் பான்டனும் ரூவும் தூக்கி நிறுத்த வேண்டியதாகிறது. அதற்கும் பதில் வெளியே இல்லை என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் ஹண்ட்ரட் என்ற நூறு பந்துத் தொடர் நடக்கும்போது மூத்தவர்கள் போய்விட, ஒருநாள் கோப்பையில் பையன்களுக்கு இடம் கிடைக்கிறது. அங்கே ஆடிப் பழகியவர்களை ஏப்ரல் குளிரில் புதுப்பந்துக்கு எதிரே தைரியமாக இறக்க வேண்டும். தடுமாறினால் இரண்டு ஆட்டத்தில் தூக்காமல் ஏழெட்டு ஆட்டமாவது வைத்திருக்க வேண்டும். சாம்பியன்ஷிப்பை 14 ஆட்டத்திலிருந்து குறைக்கும் பேச்சு 2025-இல் பலமாக எழுந்து, கடைசியில் 14 என்றே நின்றுவிட்டது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. ஆட்டம் குறைந்தால் முதலில் வெளியே உட்காருவது இந்தப் பையன்கள்தான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 2021-இல் அஸ்வின் சர்ரேக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார், சாமர்செட்டுக்கு எதிராக. ஓவலில் 27 ரன்னுக்கு ஆறு விக்கெட், நம் அணி 69 ஆல் அவுட். நம்ம ஊர்க்காரர் வீசுகிறார், என் அணி சரிகிறது. அன்று எனக்கு வலித்தது. அந்த வலிதான் இந்த அணி எனக்கு எவ்வளவு சொந்தம் என்று காட்டிக்கொடுத்தது.

போன வாரம் பெரியவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். ஏப்ரலுக்குள் படியேற முடியுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டாராம். அடுத்த வருஷத்து உறுப்பினர் கட்டணத்தையும் கட்டிவிட்டார். ஆற்றுப் பக்கம் அதே வரிசை, எனக்குப் பக்கத்து இருக்கை.