தலைத் தீபாவளிக்கு வந்த இரண்டு விருந்தாளிகள்

(செங்கல்பட்டுக்கு அருகே ஒரு கிராமத்து வீடு. ஐப்பசி மழை சற்று ஓய்ந்த மாலை நேரம். நெல் மூட்டைகள் அடுக்கிய அறையில் மாமனார் உலக்கையை ஓங்கியபடி நிற்கிறார். தலைத் தீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை கட்டிலின் மேல் நிற்கிறார். இவ்விருவரில் பாம்பின் தரப்பு வக்கீல் கட்டிலின் மேல் இருப்பவர்தான்.)

மாப்பிள்ளை: அடித்துவிடாதீர்கள் மாமா! பெரிய கண்களையும் உதட்டோரத்துக் கறுப்புக் கோடுகளையும் பார்த்தேன். அது சாரைப்பாம்பு, அதற்கு விஷமே கிடையாது.

மாமனார்: விஷமில்லாத பாம்புக்காகவா கட்டிலில் ஏறி நிற்கிறீர்கள்?

மாப்பிள்ளை: என் மூளை படித்திருக்கிறது மாமா, கால்கள் இன்னும் படிக்கவில்லை.

மாமனார்: சாரையும் நாகமும் சேரும் என்பது ஊரறிந்த செய்தி. ஆள் இடுப்புயரத்துக்கு அவை பின்னிப் பிணைந்து நின்றதை நானே வரப்பில் பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் தம் தோள்துண்டை அவற்றின் மேல் போட்டு எடுத்து வந்தார்; அந்தத் துண்டை இன்றும் பூஜையறையில் வைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை: தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் பார்த்தவை இரண்டுமே ஆண் சாரைகளாகத்தான் இருந்திருக்கும். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் அந்தப் போட்டியைத்தான் நம்மவர்கள் பிணைதல் என்று எண்ணிவிட்டார்கள்.

மாமனார்: (நீண்ட மௌனத்துக்குப் பிறகு) உங்கள் திருமணத்தன்று, தம்பதியர் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று அந்தத் துண்டுக்குத்தான் கற்பூரம் காட்டினேன்.

மாப்பிள்ளை: மல்யுத்தத் துண்டுக்கா? இப்போது எனக்குப் பல விஷயங்கள் விளங்குகின்றன.

மாமனார்: அது கிடக்கட்டும். நெல் அறையில் பாம்புக்கு என்ன வேலை?

மாப்பிள்ளை: எலி பிடிக்கும் வேலை. நீங்கள் மூலையில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களே, அதைத் தின்று தள்ளாடும் எலியைச் சாரையோ கூகையோ விழுங்கினால் அதன் உயிருக்கும் ஆபத்து. கூலி வாங்காத காவல்காரரைக் கொன்றுவிட்டுக் கள்ளனை வளர்ப்பதற்கு ஒப்பான காரியம் அது. கத்தரிப் பாத்திக்கு வேலியாகக் கட்டியிருக்கிறீர்களே பழைய நைலான் மீன்வலை, அதிலும் சாரை சிக்கிக்கொண்டால் மீள முடியாமல் உடல் அறுபட்டுச் சாகும். அதைச் சுருட்டி எடுத்துவிட்டு முள்வேலி போட்டாலே போதும்.

மாமனார்: சரி, இது நல்ல பாம்பாக இருந்திருந்தால்?

மாப்பிள்ளை: அப்போதும் உலக்கை வேண்டாம். எட்ட நின்று கண்காணித்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லலாம்.

மாமனார்: வீடு எரியவில்லையே!

மாப்பிள்ளை: பாம்பு பிடிக்கவும் அவர்கள் வருவார்கள். இல்லையென்றால் இருளர்களை அழைக்கலாம். பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிப்பதற்காகக் கொடுத்துவிட்டுப் பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நம் மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவரை சென்று மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாமனார்: பாம்பை விட்டவருக்குப் பத்மஸ்ரீ, அடித்தவருக்கு?

மாப்பிள்ளை: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் தண்டனை உண்டு.

(உலக்கை மெல்லக் கீழே இறங்குகிறது. மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சொலி கேட்கிறது. சற்று நேரத்தில் நடுவயிறு புடைத்த சாரை, தண்ணீர் வெளியேறும் துளை வழியாக அவசரமின்றி வெளியே போகிறது.)

மாமனார்: ஆகா! மோதிரம் கேட்கவில்லை, ஸ்கூட்டர் கேட்கவில்லை. கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அன்றே புறப்பட்டுவிட்டது. தலைத் தீபாவளிக்கு வருவதென்றால் இப்படியல்லவா வர வேண்டும்!

மாப்பிள்ளை: மாமா, ஸ்கூட்டர் பற்றி உங்கள் மகள்தான்...

மாமனார்: முதலில் கீழே இறங்குங்கள்.

மாப்பிள்ளை: அந்தத் துளைக்குக் கம்பி வலை அடித்து, சுவரோரம் குவித்திருக்கும் செங்கல்லையும் விறகையும் அப்புறப்படுத்தினால், பாம்புக்கும் நமக்கும் இந்தச் சங்கடமே வராது. அதைச் செய்த பிறகு இறங்குகிறேன்.

மாமனார்: கொத்தனார் பொங்கல் கழித்துத்தான் வருவார்.

மாப்பிள்ளை: அப்படியானால் இரவுச் சாப்பாட்டை இங்கேயே அனுப்பிவிடுங்கள், மாமா.