சைக்கிளில் மிச்சமாகும் பத்து நிமிடம்
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் அயர்ன்மேன் போட்டியில் 180 கிலோமீட்டர் சைக்கிள்தான் பெரும்பகுதி, அங்கே விட்ட நேரத்தை ஓட்டத்தில் பிடிக்க முடியாது என்று ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. 2024-ல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் சாம் லெய்ட்லோ சைக்கிளில் புதிய சாதனையே படைத்தார்; ஓட்டத்தில் ஆள் சுருண்டு, முதல் பத்துக்குள்கூட வரவில்லை. ஜெயித்தது பின்னாலிருந்து ஓடி வந்த பாட்ரிக் லாங்கே. அதே லெய்ட்லோ 2023-ல் பிரான்சின் நீஸில் நடந்த உலகப் போட்டியில் சைக்கிளை நம்பித்தானே வென்றார் என்று ஒருவர் கேட்கலாம். சரி, ஆனால் அவர் தொழில்முறை வீரர், நம் கதை வேறு. சமதளத்தில் காற்றுதான் எதிரி; பத்து சதவீதம் கூடுதலாக மிதித்தாலும் வேகம் மூன்று நாலு சதவீதம்தான் ஏறும். ஆறு மணி நேரம் ஓட்டுபவருக்கு அதில் மிச்சம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆனால் அப்படி மிதித்ததில் தொடை இறுகி, சக்திக்காகக் குடித்த ஜெல் வயிற்றில் தங்காமல், ஓட்டத்தின் கடைசி 10 கிலோமீட்டரை நடக்க நேர்ந்தால் அரை மணிக்கு மேல் போய்விடும். நான் நீச்சல் முடிந்து சைக்கிள் ஏறியதும் இதயத் துடிப்பு அடங்கும்வரை யார் முந்தினாலும் விட்டுவிடுவேன், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பதும் இல்லை. அப்புறம், எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம் என்று காட்டும் பவர் மீட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டாலே போதும்.